திடலிற் கேட்ட தெம்மாங்கு

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

பாட்டிற்கு உருகாத நெஞ்சம் பாரில் இல்லை. குழந்தை பிறந்தால் தாலாட்டு. முதியோர் மறைந்தால் ஒப்பாரி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்நாளிலே ஏற்றம் இறைக்க ஒரு பாட்டு, நாற்று நட ஒரு பாட்டு, கதிர் அறுக்க ஒரு பாட்டு. இவ்வாறு பாட்டோடு வளர்ந்து பாட்டோடு மறைந்தவர் நம் முன்னோர். கல்லூரியில் தமிழ் பயிலும் நாம் அப்பாட்டுக்களைப் பற்றி ஏட்டிலே படிக்கின்றோம். தேர்விலே விடையும் எழுதுகின்றோம். எனினும் ஏட்டிற் காண்பது வேறு. திறந்தவெளியிலே, திரண்ட மக்கள் நடுவிலே, பாடுவோர் வாயிலிருந்தே கேட்பது வேறு. அவ்வேறுபாட்டைச் சென்ற கோடை விடுமுறையில் ஓரிரவு திருவரங்குளத்தில் யான் உணர்ந்தேன். அன்று கேட்டதையும், கேட்டபின் விளைந்ததையும் நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் வழியில் உள்ளது திருவரங்குளம். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம் அது. ஆங்குள்ள அரதீர்த்தேசுவரர் திருக்கோயில் சோழர் காலப் பழமை வாய்ந்தது. பொற்கனி பழுத்த பனையொன்று முன்னாளில் அங்கு நின்றதென்பது பழங்கதை. அப்பனையின் பெயரைத் தாங்கிய பொற்பனைக்கோட்டையும் அயலிலே இருக்கின்றது. ஆங்கு 2021-ஆம் ஆண்டிலே அகழாய்வு தொடங்கிற்று. செம்மண்ணும் கண்மாயும், தென்னையும் பலாவும், நெல்வயலும் கடலைக் கொல்லையும் விரவிய நாடு எங்கள் நாடு. திருவரங்குளத்தை அடுத்த சிற்றூரொன்றே யான் பிறந்த ஊர்.

நிற்க, என் உள்ளங்கவர்ந்த பாடகர் யாவர் என்பதை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும். செந்தில் கணேசும் அவர்தம் மனைவியார் இராஜலட்சுமியுமே அவர்கள். செந்தில் கணேஷ் எங்கள் மாவட்டத்துக் களபம் என்னும் ஊரினர். இராஜலட்சுமி திண்டுக்கல் பகுதியைச் சேர்ந்தவர். ஊர்த் திருவிழா மேடைகளிற் பல்லாண்டுகள் பாடிவந்த இவ்விருவரும் 2018-ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாம் பருவப் போட்டியிற் கலந்துகொண்டனர். திரையிசையில் தேர்ந்த இளைஞர் பலர் நிறைந்த அவ்வரங்கிலே, வேட்டியும் துண்டுமாய் நின்று நாட்டுப் பாட்டையே பாடிச் செந்தில் கணேஷ் முதற்பரிசு பெற்றார். அப்பொழுது எனக்கு வயது 12. “நம்ம பக்கத்துப் பிள்ளை” என்று எங்கள் தெருவெல்லாம் பேசி மகிழ்ந்ததை யான் மறந்தேனல்லேன். அவர்கள் பாடிய ‘சின்ன மச்சான்’ என்னும் பாட்டு ‘சார்லி சாப்ளின் 2’ என்னும் திரைப்படத்தில் இடம்பெற்று, 2019-இல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது.

ஆயினும் அப்பாடகர்பால் யான் கொண்ட அன்பிற்கு வித்திட்டது தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமன்று. எங்கள் நாட்டைத் தாக்கிய ஒரு பெருந்துயரமும் ஆகும். அதே 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன்னர்க் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறி, எங்கள் மாவட்டத்தையும் அலைக்கழித்தது. பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நிழல் தந்த பலாமரங்கள் முறிந்து வீழ்ந்தன. மின்கம்பங்கள் மடிந்து கிடந்தன. எங்கள் வீட்டில் நாள் பலவும் மின்விளக்கு எரியவில்லை. தொலைக்காட்சி ஏது? வானொலி ஏது? அவ்விருண்ட இரவுகளிலேதான், அஞ்சி உறங்காதிருந்த பிள்ளைகளைச் சுற்றிலும் அமர்த்தி, என் அப்பத்தா நடவுப் பாட்டுப் பாடினார்.

அப்பத்தா இளமையிலே நடவுக்குச் சென்றவர். அதனினும் மேலாக, வரிசையின் முதலில் நின்று பாட்டெடுத்துக் கொடுத்தவர். அவர் முன்னடியைப் பாட, ஏனைய பெண்டிர் பின்னடியை வாங்கிப் பாடுவராம். நடவு குறைந்து, உடன் நட்ட தோழியர் ஒவ்வொருவராய் மறைந்தபின், அவர் வாய்திறந்து பாடியதை வீட்டார் கேட்டதில்லை. புயல் கொணர்ந்த இருளே அப்பாட்டை மீட்டுத் தந்தது. மின்னொளி திரும்பிய நாளிலே அது மீண்டும் நின்றுபோயிற்று. அதன்பின் செந்தில் கணேசும் இராஜலட்சுமியும் பாடக் கேட்குந்தோறும், அவ்விருட்டில் கேட்ட குரலே என் செவியில் எழுவதாயிற்று. ஆகலின் அவர்களை நேரிற் கண்டு கேட்கவேண்டுமென்னும் வேட்கை ஏழாண்டுகளாக என்னுள் வளர்ந்துவந்தது.

அவ்வேட்கை சென்ற கோடையில் நிறைவேறிற்று. திருவிழாவையொட்டித் திருவரங்குளத்துத் திடலொன்றில் அவ்விருவரும் பாட வருகின்றனர் என்னும் செய்தி எட்டியது. அப்பத்தாவும் உடன் வருவதாகச் சொன்னார். கால் நோவினால் கடைத்தெருவிற்கும் செல்லாத அவர் இவ்வாறு சொன்னது எங்களுக்கெல்லாம் வியப்பாயிருந்தது. ஊரார் ‘குட்டியானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியிலே சமுக்காளம் விரித்து, அண்டை வீட்டாரும் எங்கள் வீட்டாருமாய்ப் புறப்பட்டோம்.

பகல் முழுதும் காய்ந்த மண் இன்னும் வெதுவெதுப்பாயிருந்தது. இரும்புக் குழாய்களும் பலகைகளும் கொண்டு சமைத்த மேடை. அதன் இருபுறமும் அடுக்கிய ஒலிபெருக்கிகள். திடலின் ஓரங்களில் இராட்டினமும், வளையற்கடையும், மிளகாய் பஜ்ஜியும் சுண்டலும் விற்போரும். தாய்மார் குழந்தைகளை மடியிற் கிடத்தித் தட்டிக்கொடுத்தனர். இளைஞர் மதில்மீதும் டிராக்டர்மீதும் ஏறி அமர்ந்தனர். கல்யாண மண்டபத்துக் கச்சேரியிலே நாற்காலிகள் உண்டு. முன்வரிசை பின்வரிசை உண்டு. இங்கோ தரையே இருக்கை, வானமே கூரை. இடம் பிடித்தவர் சற்று நகர்ந்து, பின்னே வந்தவருக்கும் இடந்தந்தனர்.

பாடகர் மேடையேறியதும் எழுந்த ஆரவாரம் அடங்கச் சற்றுநேரம் ஆயிற்று. உறுமி முதலில் முனகிற்று. பம்பை அதற்கு மறுமொழி கூறிற்று. தவில் இரண்டையும் கூட்டிச் சேர்த்தது. செந்தில் கணேஷின் குரல் எழுந்தபொழுது யான் எண்ணியது ஒன்று. தொலைக்காட்சியிலே கேட்ட குரலன்று இது! அங்கே அது அறைக்குள் அடங்கிய குரல். இங்கே அது திடலைக் கடந்து, எதிரேயுள்ள வீட்டுச் சுவர்களில் மோதி, ஒருகண நேரம் தாழ்த்து எம்மிடம் திரும்பி வந்தது. தெம்மாங்கிலே ஈற்றெழுத்தை நீட்டிப் பாடும் வழக்கத்தின் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எட்ட வேண்டிய பாட்டு அது. எட்டும்வரையில் நீளுதல் அதன் இயல்பு.

அவர் ஓரடி பாட, இராஜலட்சுமி எதிரடி பாடினார். ஏசலும் எதிரேசலுமாய்ச் சொற்கள் பறந்தன. கூட்டம் யார் பக்கம் சேர்வதென்று அறியாது இருவர்க்குமே கைதட்டிற்று. ‘சின்ன மச்சான்’ தொடங்கியதும் பாடுவோர் யார் கேட்போர் யார் என்னும் வேற்றுமையே மறைந்துபோயிற்று. முன்னே அமர்ந்திருந்த நரைத்த தலையர் ஒருவர், தம் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடலானார். தாயைப் பற்றிய பாட்டு வந்தபொழுதோ அத்துணைப் பெருங்கூட்டமும் அடங்கிற்று. என் அருகிலிருந்த பெண்ணொருத்தி முன்றானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யான் அப்பத்தாவை நோக்கினேன். அவர் கைதட்டவில்லை, தலையையும் அசைக்கவில்லை. ஆனால் மடிமேலிருந்த அவரது வலக்கை மெல்ல இயங்கிக்கொண்டிருந்தது. பெருவிரலும் மற்றை விரல்களும் கூடி எதையோ பிரித்தெடுப்பதும், கீழ்நோக்கி ஊன்றுவதும், மீண்டும் பிரித்தெடுப்பதுமாய் இருந்தன. நாற்று நடும் கை அது! மேடைமேல் நிகழ்ந்ததை மறந்து அக்கையையே நெடுநேரம் பார்த்திருந்தேன்.

நள்ளிரவு கடந்து வீடு திரும்புகையில், “எப்படி இருந்தது அப்பத்தா?” என்று வினவினேன். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, “நல்லாத்தான்டா பாடுறாக, ஆனாக் குனியாமப் பாடுறாக” என்றார்.

இச்சொல் குறை கூறியதன்று, இகழ்ந்ததுமன்று. அவர் கண்டதைக் கூறினார். ஆனால் அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. மறுநாட் காலையில் அதன் பொருளைக் கேட்டேன். அப்பத்தா முற்றத்திலே நின்று எனக்குக் காட்டலானார். நாற்று நடுபவள் குனிந்தபடியே நட்டுப் பின்னோக்கி நகர்கிறாள். குனிந்தவளுக்கு மூச்சு நெடிது நில்லாது. ஆதலின் பாட்டின் அடியும் சிறிதாகவே இருக்கும். முதல்வி முன்னடி பாடும்பொழுது ஏனையோர் நடுவர். அவர்கள் பின்னடி வாங்கும்பொழுது முதல்வி மூச்சு வாங்குவாள். கையிலுள்ள நாற்று முடி தீர்ந்து அடுத்த முடியை எடுத்துப் பிரிக்கும் நேரத்திற்கே ஈற்றெழுத்தின் நீட்டம். வெயிலேறிக் கைகள் தளர்ந்தால், முதல்வி கேலிப்பாட்டிற்கு மாறுவாள். சிரிப்பிலே இடுப்பு நோவு மறக்கும். வயல் முடிந்தால் குலவை. யான் வகுப்பிலே யாப்பருங்கலக்காரிகை கற்று, சீரும் தளையும் அடியும் தொடையும் அறிந்தவன். ஆயினும் முடியும் விரலும் முதுகும் மூச்சுமே அளவாய் அமைந்த யாப்பொன்று உண்டென்பதை அன்றே அறிந்தேன்.

அப்பாட்டுக்களை எழுதிக்கொள்ளவும் கைப்பேசியிற் பதிந்துகொள்ளவும் விரும்பினேன். கைப்பேசியைக் கண்டதும் அப்பத்தா நாணினார். ஒரு பாட்டும் முழுதாய் நினைவிற்கு வரவில்லை என்றார். இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் மாலை, முறத்திலே நிலக்கடலையை இட்டு உடைத்துக்கொண்டிருந்தவர், தம்மையறியாது ஓரடியை முணுமுணுத்தார். அடுத்த அடியும் வந்தது. பாட்டு முழுதும் வந்தது. கை நின்றபொழுது பாட்டும் நின்றது. கை இயங்கியபொழுது பாட்டும் இயங்கிற்று. அதன்பின் யானும் அருகமர்ந்து கடலை உடைத்தே பாட்டுக் கேட்கலானேன். அவ்விடுமுறையிற் கிடைத்தவை 11 பாட்டுக்கள். அவற்றுள் ஒன்று முற்றுப்பெறாதது. அதன் பிற்பகுதியை எதிர்வரிசையில் நின்று பாடிய தோழி நன்கறிவாராம். அவர் எங்கே என்று கேட்டேன். சென்ற ஆண்டிலே அவர் இறந்துபட்டார்.

நண்பர்களே! இலக்கியம் பயிலும் நமக்கு இப்பாட்டுக்கள் புதியவையல்ல. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் சோழநாட்டு வயல்வழியே செல்லுங்கால், உழவரின் ஏர்மங்கலமும், நெற்களத்து முகவைப் பாட்டும் ஒலித்ததை இளங்கோவடிகள் எடுத்தோதுகின்றார். துறவியாகிய அடிகளின் செவியிலே வயற்பாட்டு இனித்தது. கம்பரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. மாலைப்பொழுதில் ஏற்றமிறைப்பவன் பாட்டை இடையிலே நிறுத்திச் சென்றானாம். அடுத்த அடி யாதாயிருக்கும் என்று இரவெல்லாம் எண்ணியும் கம்பருக்குப் புலப்படவில்லையாம். விடியற்காலையில் வந்து அவன் பாடக் கேட்டு வியந்தாராம். கதையோ உண்மையோ, அதில் ஓர் உண்மை உண்டு. ஏற்றக்காரன் மறுநாள் வந்தான், பாட்டும் முடிந்தது. என் அப்பத்தாவின் தோழியோ இனி வரமாட்டார்.

பாட்டு என்பது மூன்று கூறுடையதென்று எனக்குத் தோன்றுகின்றது: சொல் ஒன்று, மெட்டு ஒன்று, தொழில் ஒன்று. சொல்லைக் காப்பது ஏடு. பெர்சி மக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ எனப் பதிப்பிக்க, அந்நூல் 1958-இல் வெளிவந்தது. பேராசிரியர் நா. வானமாமலை அவர்களும் பல பாடல்களைத் தொகுத்து உதவினார். இவை நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்கள். ஆயினும் அச்சிட்ட ஏட்டைத் திறந்தால் மெட்டு ஒலிப்பதில்லை. மெட்டைக் காப்பது மேடை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாட்டுக்களைத் தேடித் திரட்டியும் மேடைதோறும் பாடியும் தொண்டாற்றினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அண்டைச் சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி வானொலியிலே பாடியும், 1985-இல் ‘ஆண்பாவம்’ திரைப்படத்திலே தோன்றியும் தமிழ்நாடெங்கும் அறியப்பெற்றார், 2025-இல் மறைந்தார். செந்தில் கணேசும் இராஜலட்சுமியும் இவ்வழியிலே வந்தவர்கள்.

மேடைப் பாட்டைக் குறை கூறுவோர் உளர். கீபோர்டும் வண்ணவிளக்கும் வந்தபின் நாட்டுப் பாட்டு தன் தூய்மையை இழந்ததென்பர். யான் இதற்கு உடன்படேன். மேடையின்றேல் என்னொத்த இளைஞர் இப்பாட்டிற்குச் செவிசாய்த்திரார். திருவரங்குளத்து மேடை இல்லையேல் அப்பத்தாவின் கை அன்றிரவு இயங்கியிராது. எனக்கு 11 பாட்டுக்களும் கிடைத்திரா. ஆனால் மேடையால் இயலாத ஒன்று உண்டு. தொழிலை அது மேலேற்ற இயலாது. ஏற்றம் போயிற்று, மின்பொறி நீர் இறைக்கின்றது. நடவிற்கும் இயந்திரம் வந்துவிட்டது. முதுகொடிய வேலை குறைந்ததற்கு யான் வருந்தவில்லை, அப்பத்தாவும் வருந்தவில்லை. இடுப்பு நோவை மீட்டுத் தரவேண்டுமென்று யார்தான் வேண்டுவர்? ஆயினும் எத்தொழிலுக்கு, எவ்வேளையில், எதற்காக அப்பாட்டுப் பிறந்தது என்னும் அறிவு, குனிந்து நட்டவர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை.

நினைவு அழிந்தபின் எஞ்சுவது யாது? எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையிலே இதற்குச் சான்று உண்டு. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினதென அறிஞர் கருதும் இசைக்கல்வெட்டு அங்குள்ளது. மாணாக்கர் நலங்கருதிச் சுரங்களை நந்நான்காய் வகுத்துக் கல்லிலே பொறித்து வைத்தனர். கல் சிதையவில்லை, எழுத்தும் படிக்கக் கூடியதே. ஆனால் அதனை இசைத்த முறை இதுவே என்று உறுதிகூறுதற்கு அக்காலத்தோர் ஒருவரும் இலர். அறிஞர் தம்முள் கருத்து வேறுபடுகின்றனர். பொற்பனைக்கோட்டையில் மண்ணைத் தோண்டினால் பானையோடு கிடைக்கும். மாண்டவர் நெஞ்சிற் புதைந்த பாட்டை எம்மண்வெட்டி கொண்டு தோண்டுவது?

பிறநாட்டார் இதனை உணர்ந்து செய்த தொண்டொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். அமெரிக்க நாட்டில் 1927-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரிலே கார்ட்டர் குடும்பத்தினர் தம் மலைநாட்டுப் பாட்டுக்களை இசைத்தட்டிற் பதிவுசெய்தனர். அந்நாட்டு ‘கன்ட்ரி’ இசை வளர்ந்ததற்கு அப்பதிவுகள் பெருந்துணையாயின. அக்குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் ஊரூராய், வீடுவீடாய்ச் சென்று பழம் பாட்டுக்களைத் திரட்டினார். அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை நினைவில் நிறுத்திக்கொள்வார். ஒருவரால் இயலாதது இருவரால் இயன்றது.

நாட்டுப் பாட்டு நமக்குரியதன்று என்று கருதும் கிறிஸ்தவ நண்பர் எவரேனும் இருப்பின் அவர்க்கும் ஒரு சொல். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியபொழுது, குறத்தி குறி சொல்லும் மக்கள் கூத்தின் வடிவையே எடுத்துக்கொண்டார். நம் காலத்தில், 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, மதுரையிலே இறையியல் ஆசிரியராய் இருந்து, உழைக்கும் மக்களின் மெட்டிலேயே இறைவனைப் பாடலாமென்று பாடியும் கற்பித்தும் காட்டினார். எங்கள் ஊர் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையன்று நெற்கதிரைக் காணிக்கையாகக் கொணர்கின்றோம். அந்நெல்லை நட்ட பாட்டு மட்டும் வாயிலிலே நிற்க வேண்டுவதில்லை அன்றோ?

ஆகவே, அன்பர்களே, யான் வேண்டிக்கொள்வது இதுதான். வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்லுங்கள். உங்கள் அப்பத்தாவையோ அம்மாயியையோ அண்டை வீட்டு முதியவரையோ அணுகிக் கேளுங்கள். சொல்லை எழுதிக்கொள்ளுங்கள்; மெட்டைப் பதிந்துகொள்ளுங்கள்; இவ்விரண்டோடு நின்றுவிடாது, எவ்வேலையிற் பாடியது, முன்னடி பாடியவர் யார், பின்னடி வாங்கியவர் யார், எவ்விடத்து மூச்சு வாங்கினர் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட வராதென்று அவர்கள் சொன்னால், அவர்கள் செய்யும் கைவேலையில் நீங்களும் பங்குகொள்ளுங்கள். நம் தமிழ் மன்றத்திலே அவற்றைக் கூட்டித் தொகுத்தால், ஓராண்டில் ஒரு நூலாகும். என் பதினோராம் பாட்டின் பிற்பாதி உங்களுள் ஒருவர் ஊரிலே, யாரோ ஒரு மூதாட்டியின் நினைவில் இன்னும் உயிரோடிருத்தல் கூடும். அவ்வாறு கிடைத்தால் அருள்கூர்ந்து எனக்குத் தெரிவியுங்கள், அப்பத்தா கேட்டுக்கொண்டிருக்கின்றார்.